மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பும் முதல் மாதம்: தற்கொலை அபாயம் பற்றிக் குடும்பத்துக்கு என்ன சொல்வது?

கவுண்டின்யா கரை (கேள்வி)

குடியாத்தம், பேரணாம்பட்டு சுற்றுவட்டாரத்தில் மாதம் ஒருமுறை குடும்பக் கூட்டம் நடக்கிறது. வலி மாத்திரை, ஊசி, பவுடர் (ஹெராயின்) என்று ஓபியாய்டு வகை, அதாவது அபின் குடும்பத்துப் போதைப் பழக்கத்தில் சிக்கி, சிகிச்சை எடுத்துத் திரும்பியவர்களின் அம்மா, மனைவி, அண்ணன், மச்சான் என்று வருவார்கள். அடுத்த கூட்டத்தில் கொடுக்க ஒரே ஒரு தாளில் குறிப்பு எழுதுகிறோம். குடிநோய்க்குத் தமிழில் துண்டறிக்கை ஏராளம். இதற்குத் தேடினால் ஒன்றும் கையில் சிக்கவில்லை.

கூட்டத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழுபவை இவை:

"இப்ப சுத்தமா கீறான், இனிமே பயமில்ல."

"செத்துடுவேன்னு சொல்றதெல்லாம் காசு கறக்கறதுக்கு."

"அதப்பத்திக் கேட்டா நாமளே நெனப்ப கெளப்பி விட்ட மாதிரி ஆயிடும்."

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசு கேசு ஆயிடும்."

இந்த நாலுக்கும் நேரான பதில் வேண்டும். வீட்டில் எதையெல்லாம் அப்புறப்படுத்துவது, ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்பதும் தாளில் வர வேண்டும். பெரியவர்களுக்கான குறிப்புதான் இது. பிள்ளைகளுக்கு வேறு தாள் தயாராகிறது.


மனநலச் செவிலி

முதல் வாக்கியத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். எல்லாவற்றிலும் ஆபத்தானது அதுதான். மற்ற மூன்றும் தவறு என்று பாதிப் பேருக்காவது உள்ளூரத் தெரியும். "சுத்தமாயிட்டான்" என்பதை மட்டும் சாமி கும்பிட்டு நம்புகிறார்கள்.

ஓபியாய்டு சார்பு உள்ளவர்களிடம் தற்கொலை இறப்பு பொதுமக்களைவிடச் சுமார் 13 மடங்கு என்று 2004-ல் வந்த தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது) காட்டியது. குடிநோய்க்கு அதே ஆய்வில் கிட்டத்தட்ட 10 மடங்கு. இந்த ஆபத்து எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிகிச்சை தொடங்கும் முதல் வாரங்கள், சிகிச்சையை விட்ட பிறகு வரும் நாலு வாரம், ஜெயிலிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரம் ஆகியவற்றில் இறப்பு குவிகிறது. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களை வைத்து 2007-ல் வந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் போதை மிகையால் இறக்கும் வாய்ப்பு அந்த ஊர்ப் பொதுமக்களைப்போல் 129 மடங்கு. தொரப்பாடி ஜெயில் வாசலில் பிள்ளையை அழைத்து வரப் போகும் அம்மாவுக்கும் இந்தத் தாள் போய்ச் சேர வேண்டும் என்பேன்.

ஏன் அப்படி? இரண்டு காரணம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காருகிறது.

ஒன்று உடம்பு. தினமும் எடுத்தபோது உடம்பு அந்த அளவுக்குப் பழகி இருந்தது. ஒன்றிரண்டு வாரம் நிறுத்தினாலே அந்தத் தாங்குதிறன் இறங்கிவிடும். மூளை மட்டும் பழைய அளவை நினைவில் வைத்திருக்கும். முன்பு சாதாரணமாக இருந்ததே இப்போது மூச்சை நிறுத்தப் போதும்.

இரண்டாவது மனசு. பவுடர் போன்ற குறுகிய நேரம் வேலை செய்யும் சரக்கை நிறுத்தினால் 8 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி, கண்ணில் மூக்கில் தண்ணீர், உடம்பு வலி தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். ஒரு வாரத்தில் அடங்கும். இதைத்தான் "சுத்தமாயிட்டான்" என்கிறார்கள். அதற்குப் பிறகு வருவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை: வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், தூக்கம் வராது, சாப்பாட்டில் ருசி இருக்காது, பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொண்டாலும் உள்ளே எதுவும் அசையாது. அந்த நேரம் பார்த்துத்தான் வட்டிக்காரர் வாசலுக்கு வருகிறார், வேலைக்கு மறுபடி சேர்க்க மாட்டேன் என்கிறார்கள், அண்ணி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். இத்தனை நாள் வலியை மறைத்த மருந்து இல்லை, வலி மட்டும் முழுசாக இருக்கிறது.

எனவே தாளின் முதல் வரியாக இதைப் போடுங்கள்: "வீட்டுக்கு வந்த முதல் 30 நாள்தான் அதிகக் கவனம் வேண்டிய நாட்கள்."

நம் பகுதிக்கென்று இன்னொன்று. கணியம்பாடி ஒன்றியத்தில் 1994 முதல் 1999 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமுதாய சுகாதாரத் துறை ஒவ்வொரு இறப்புக்கும் வீட்டுக்கே போய் விசாரித்துப் பதிவு செய்தது. தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 95 என்று வந்தது; அன்றைய அரசுக் கணக்கைப்போலப் பல மடங்கு. அது போதை பற்றிய கணக்கு அல்ல, ஊர் முழுவதற்குமானது. ஆனால் "நம்ம பக்கம் அப்படியெல்லாம் நடக்காது" என்று யாராவது கூட்டத்தில் எழுந்தால் சொல்வதற்கு உதவும்.


மருந்தாளுநர் காட்பாடி

வீட்டில் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

தற்கொலை எண்ணம் அலை மாதிரி. ஏறும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். உச்சம் பல பேருக்குச் சில நிமிடம்தான், சில சமயம் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் அந்த அலை கடந்துவிடும். "ஒண்ண எடுத்து வச்சா இன்னொண்ணத் தேடிப் போவான்" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தேடும் நேரம்தான் உயிரைக் காப்பாற்றுகிறது.

வீட்டைச் சுற்றிவரும் வேலையை ஆள் வருவதற்கு முந்தின நாளே முடிக்க வேண்டும். வந்த பிறகு அவர் கண்ணெதிரே பீரோவைக் குடைந்தால் அது சோதனை போடுவது மாதிரி ஆகிவிடும்.

பழைய மாத்திரை எல்லாம் ஒரு இடத்துக்கு வரட்டும். பாட்டியின் முட்டி வலி மாத்திரை, அப்பாவின் தூக்க மாத்திரை, பிரசவத்துக்குப் பிறகு கொடுத்து மிச்சமானது, சாமி அலமாரியில் சுருட்டி வைத்த அட்டை. ஆட்டோ சீட்டுக்கு அடியிலும், தையல் மெஷின் டிராயரிலும் பாருங்கள். தேவையில்லாததை வெளியேற்றுங்கள். தேவையானதைப் பூட்டுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள். சாவி ஒருவர் இடுப்பில். பாட்டிக்குத் தினசரி அளவை மட்டும் வெளியே எடுத்தால் போதும்.

நிலம் உள்ள வீடென்றால் பூச்சிமருந்து, எலிமருந்து வீட்டில் இருக்கவே கூடாது. பம்புசெட் அறையில் பூட்டினேன் என்பதும் போதாது, அந்தச் சாவி அவர் கைக்குத்தான் முதலில் போகும். பக்கத்து நிலத்துக்காரரிடமோ உறவுக்காரர் வீட்டிலோ கொடுத்துவிடுங்கள். தேவைப்படும் அன்றைக்குத் தேவைப்படும் அளவு மட்டும் வாங்கிவந்தால் போதும்.

மருத்துவர் எழுதும் புதிய மருந்துக்கும் இதே விதி. மனச்சோர்வுக்கு, தூக்கத்துக்கு என்று எழுதினால், "ஒரு வாரத்துக்கு மேல ஒரேயடியா குடுக்காதீங்க டாக்டர்" என்று குடும்பத்தார் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அடுத்த சந்திப்பு மாதம் கழித்து என்றாலும் வாரா வாரம் வாங்கிக்கொள்ளலாம். மனச்சோர்வு மருந்துகளில் அளவு மீறினாலும் ஆபத்து குறைவானவை உண்டு. தற்கொலை எண்ணம் இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் அதற்கேற்ப எழுதுவார். தெரியாவிட்டால் எழுத மாட்டார். வெட்கப்பட்டு இதை மறைப்பதுதான் நம்மூரில் அதிகம்.

மருந்துகளைக் கலந்து எடுப்பது பற்றி ஒரு வரி கண்டிப்பாகப் போடுங்கள். ஓபியாய்டோடு சாராயமோ, அல்பிரசோலம் மாதிரித் தூக்க, பதற்ற மாத்திரைகளோ, பிரிகாபலின் மாதிரி நரம்பு வலி மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு மந்தமாவது கூடும். டிரமடால் என்றால் வலிப்பு வேறு வரும். டிரமடால் 2018 ஏப்ரலிலேயே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் (என்.டி.பி.எஸ்.) வந்துவிட்டது. "கடையில விக்கிற மாத்திரைதானே" என்பது இன்னும் ஓயவில்லை.


ஆற்காட்டு ஆலோசகர்

மூன்றாவது வாக்கியம் என் பங்கு. கேட்டால் எண்ணம் கிளம்பிவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இதைப் பல ஆய்வுகளில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கேட்டதால் எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. பல பேருக்கு யாராவது கேட்டார்களே என்று இறுக்கம் தளர்கிறது.

ஆனால் எப்படிக் கேட்பது என்பதில் குழப்பம். "ஏடாகூடமா எதாவது நெனச்சிக்கினு கீறியா?" என்றால் "அதெல்லாம் இல்ல" என்ற பதில்தான் வரும். "அப்படி எல்லாம் பண்ணிக்க மாட்டல்ல?" என்பது அதைவிட மோசம், இல்லை என்று சொல்லச் சொல்லிக் கேட்கிற கேள்வி அது. பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். படிப்படியாக:

"தூங்கி எழுந்துக்காமலே போயிட்டா தேவலைன்னு தோணுதா?"

"செத்துடலாம்னு நெனப்பு வந்துச்சா?"

வந்தது என்றால்: "எப்படின்னு யோசிச்சியா?"

யோசித்தேன் என்றால்: "செய்யணும்னு முடிவுக்கு வந்துட்டியா? எப்பன்னு நெனச்சி வச்சிகீறியா?"

எந்தப் பதில் வந்தாலும் கடைசியாக ஒன்று: "இதுக்கு முன்னால முயற்சி பண்ணியிருக்கியா? கடைசியா எப்ப?"

முதல் இரண்டில் நின்றால் ஓரிரு நாளில் மருத்துவர் அல்லது ஆலோசகரிடம். மூன்றாவதுக்கும் ஆமென்றால் அன்றைக்கே. நாலாவதுக்கு ஆமென்றாலோ, மூன்று மாதத்துக்குள் முயற்சி நடந்திருந்தாலோ, ஆளைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனை. கழிவறைக்குப் போனாலும் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேட்கும் இடமும் முக்கியம். சாப்பாட்டு நேரத்தில், அப்பா எதிரே, டி.வி. ஓடும்போது கேட்காதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, மாடியில் துணி காய வைக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காத நேரத்தில் பேச்சு வரும். ஆமாம் என்று சொன்னால் உடனே "உனக்கு இன்னா கொறச்சல்? புள்ளைங்கள நெனச்சிப் பாரு" என்று ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகளை நினைத்துப் பார்த்துத்தான் பாரமாக இருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. "சொன்னது நல்லதாப் போச்சு. எத்தினி நாளா இப்படி?" என்பது போதும். பிறகு பேசாமல் இருங்கள். அந்த அமைதி ரொம்ப நேரமாகத் தெரியும், பரவாயில்லை.

இரண்டாவது வாக்கியத்துக்கு: காசுக்காகச் சொன்னாரோ மனசுக்காகச் சொன்னாரோ, பிரித்துப் பார்ப்பது குடும்பத்தின் வேலை அல்ல. மருந்து கிடைக்காத தவிப்பில் சொல்லும் "செத்துடுவேன்" பல சமயம் இரண்டும்தான். காசு கொடுக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் சொல்லலாம்: "காசு தர மாட்டேன். ஆனா சாகணும்னு தோணுதுன்னா இப்பவே கெளம்பு, நானும் வர்றேன்."

சொல்லாமலே காட்டும் அடையாளங்களும் உண்டு. விருப்பமாக வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுப்பது, சின்னச் சின்னக் கடனை ஓடி ஓடி அடைப்பது, தூக்கமே இல்லாமல் நடமாடுவது, வாரக்கணக்கில் இடிந்து கிடந்தவர் ஒருநாள் காரணமில்லாமல் அமைதியாகிவிடுவது. கடைசியதைப் பார்த்து வீடே நிம்மதியாகிவிடும். அப்போதுதான் போய்க் கேட்க வேண்டும்.


பாலாறு 72

சட்டம். சுருக்கமாக.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர், வேறு மாதிரி நிரூபிக்காதவரை, கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. இது 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே கிடையாது. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தில் முயல்வதற்கு மட்டும் 226 என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அது வேறு கதை.

மருத்துவமனையில் எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ-சட்டப் பதிவு) என்று போடுவார்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், ஒருவர் வந்து இரண்டு வரி எழுதிக்கொண்டு போகலாம். அந்தப் பதிவு குற்றச்சாட்டு ஆகாது. அதற்குப் பயந்து "தவறிப்போய் சாப்ட்டாரு" என்று மருத்துவரிடம் மாற்றிச் சொல்வதுதான் கேடு. எதை, எவ்வளவு, எப்போது என்று சரியாகத் தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக நடக்கும். மனநல மருத்துவரைக் கூப்பிடுவார்கள்.

போதைப்பொருள் வைத்திருந்த வழக்குக்குப் பயப்படுகிறவர்களுக்கு: என்.டி.பி.எஸ். சட்டம் 64ஏ, சொந்த உபயோகம் அல்லது சிறிய அளவு தொடர்பான குற்றச்சாட்டு உள்ள பழக்க அடிமை தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடலாம். விற்பனை வழக்குக்கு இது பொருந்தாது.

அடுத்தது மையங்கள். போதையால் வரும் மனநிலைப் பாதிப்பும் இந்தச் சட்டப்படி மனநோய்தான். எனவே மையத்துக்கு மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலியால் கட்டுவதைப் பிரிவு 95 எந்த வடிவிலும் தடை செய்கிறது. ராத்திரி வேனில் நாலு பேர் வந்து தூக்கிப் போவது, மூன்று மாதம் வீட்டாரோடு பேச விடாமல் வைப்பது, மனநல மருத்துவர் வந்து பார்க்காமலே வைத்திருப்பது என்று எங்கே நடந்தாலும் அங்கே தற்கொலை அபாயத்தை யாரும் மதிப்பிடவில்லை என்றுதான் அர்த்தம். அங்கிருந்து திரும்புகிறவர் தாங்குதிறனும் இழந்து, வீட்டின்மேல் நம்பிக்கையும் இழந்து வருகிறார்.


பழைய பேட்டை

எல்லாம் சரி. ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இப்போது எல்லா இடத்திலும் இந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என்று புப்ரினார்பின் கொடுக்கிறார்கள். அதுவும் ஓபியாய்டுதானே? ஒரு பழக்கத்துக்குப் பதில் இன்னொரு பழக்கம். குடும்பத் தாளில் இதை ஆதரித்து எழுதினால் எதிர்ப்பு வரும்.


மனநலச் செவிலி

எதிர்ப்பு வரும், வரட்டும். எண்ணிக்கையைப் பாருங்கள். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியானது: மெத்தடோன் என்ற இன்னொரு மாற்று மருந்துச் சிகிச்சையில் இருக்கும்போது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் 11 இறப்பு, சிகிச்சையை விட்ட பிறகு 36. புப்ரினார்பினில் இருக்கும்போது 4, விட்ட பிறகு 9-க்கு மேல். எல்லாக் காரண இறப்பும் சேர்ந்த கணக்கு இது. விட்டவுடன் ஏறுகிறது என்பதுதான் குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது.

புப்ரினார்பின் மூளையில் மற்ற ஓபியாய்டுகள் ஒட்டும் அதே இடத்தில் (ஏற்பி) போய் உட்காரும், ஆனால் பாதி அளவுக்குத்தான் தூண்டும். அதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் மூச்சை மந்தமாக்குவது ஓர் அளவோடு நின்றுவிடும். சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒரு நாள் முழுக்கத் தவிப்பு வராமல் பிடித்து வைப்பதால் அவர் வேலைக்குப் போக முடிகிறது, சரக்குக்காக அலைய வேண்டாம். நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: அதைக் கரைத்து ஊசியாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் நாலாக்சோன் (ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்து) சேர்ந்த கலவையாகத் தருகிறார்கள். சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது. மருத்துவமனை, அங்கீகாரம் பெற்ற மையம் வழியாகத்தான்.

தாளில் போட வேண்டிய நடைமுறை: மாத்திரை நாக்குக்கு அடியில் முழுசாகக் கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதுவரை பேசவோ, தண்ணீர் குடிக்கவோ, எச்சில் விழுங்கவோ கூடாது. விழுங்கினால் வயிற்றில் பாதிக்கு மேல் வீணாகும். "மாத்திரை வேலை செய்யல" என்று புகார் வரும் இடம் இதுதான். கரைந்த பிறகு வாய் கொப்பளித்து, பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள், பல் கெடாமல் இருக்கும். முதல் மாத்திரையை உடம்பில் தவிப்பு நன்றாகத் தெரிந்த பிறகே கொடுப்பார்கள். அதற்கு முன் போட்டால் தவிப்பு ஒரேயடியாக ஏறிவிடும். அந்த அனுபவம் ஒருமுறை ஆகிவிட்டால் பிறகு அந்த மருந்தின் பக்கமே வர மாட்டார்கள். முதல் நாள் 2 முதல் 4 மில்லிகிராமில் தொடங்கிப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள், பல பேருக்கு 8 முதல் 16-ல் நிலைக்கும். இதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். குடும்பத்தின் வேலை நிறுத்தச் சொல்லி நச்சரிக்காமல் இருப்பது. "ஆறு மாசம் ஆச்சே, இன்னும் மாத்திரையா?" என்ற கேள்வியால் சிகிச்சை முறிந்த வீடுகள் நிறைய.

நால்ட்ரெக்சோன் கொடுக்கும் மையங்களும் உண்டு. அது போதையை ஏறவிடாமல் அடைக்கும், தவிப்பைத் தணிக்காது. அதை விட்ட நாளிலிருந்து தாங்குதிறன் இல்லாத உடம்பு மட்டும்தான் மிச்சம். தற்கொலை எண்ணம் இருந்தவர் என்றால் அதைச் சேர்க்கும் முன் மருத்துவரிடம் அந்தச் சரித்திரத்தைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு சாராரையும் மறந்துவிடாதீர்கள்: பழக்கம் என்று சொல்ல முடியாத, வருஷக்கணக்கில் வலிக்காக மருத்துவர் எழுதிய ஓபியாய்டு எடுப்பவர்கள். வேலூருக்கு வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களிலும் உண்டு. "இது போதை மருந்தாமே" என்று பயந்து வீட்டார் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். திடீரென நிறுத்தினால் தாங்க முடியாத வலி, தவிப்பு, தற்கொலை எண்ணம் வரும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-லேயே எச்சரித்தது. மெதுவாகக் குறைக்க வேண்டியது மருத்துவர்.


கவுண்டின்யா கரை

நன்றி. இரண்டு விஷயம் பாக்கி. மயங்கிக் கிடந்து காப்பாற்றிக் கொண்டு வந்த பிறகு "தெரியாம அளவு கூடிடுச்சி" என்று சொன்னால் நம்பலாமா? ராத்திரி பேரணாம்பட்டு மலையடிவாரத்திலிருந்து என்ன செய்வது?


மனநலச் செவிலி

மயங்கிக் கிடக்கும் நேரத்தில் காரணத்தைத் தேட வேண்டாம். கண்ணின் மணி ஊசிமுனை போலச் சிறுத்திருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு பத்துக்கும் குறைவாக இருக்கிறதா, குறட்டை போலக் களகளவென்று சத்தம் வருகிறதா, உதடு நீலம் பாய்கிறதா என்று பாருங்கள். 108-க்கு அழைத்து "மூச்சு நின்னுக்கினே போவுது" என்று முதலில் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு. மோர், எலுமிச்சைச்சாறு, உப்புத்தண்ணி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். தலையில் தண்ணீர் கொட்டி நடக்க வைப்பதும் வேண்டாம். மூச்சு இருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், மேல் முட்டி மடிந்து தரையில் ஊன்றி இருக்கட்டும். மூச்சு இல்லையென்றால் 108-ல் பேசுகிறவர் சொல்லும் முதலுதவியைச் செய்யுங்கள்.

நாலாக்சோன் நம்மூரில் பெரும்பாலும் மருத்துவமனையில்தான், ஊசியாக. போட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "நல்லாயிட்டேன், வீட்டுக்குப் போலாம்" என்பார். போகக் கூடாது. அந்த ஊசி அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும், உள்ளே இருக்கும் சரக்கு அதைவிட நீடிக்கும், மறுபடி மயங்குவார். எவ்வளவு நேரம் கண்காணிக்க வேண்டும் என்பதை அங்கே முடிவு செய்யட்டும்.

நம்பலாமா என்ற கேள்வி நல்ல கேள்வி. "தெரியாம" என்பதும் "வேணும்னே" என்பதும் தனித்தனிப் பெட்டி மாதிரித் தெரியும். நடுவில்தான் கூட்டம் அதிகம்: எழுந்தால் எழட்டும், எழாவிட்டால் போகட்டும் என்று போட்டவர்கள். எனவே மயக்கம் தெளிந்த மறுநாள் இப்படிக் கேளுங்கள்: "போடும்போது, செத்தா செத்துட்டுப் போறேன்னு ஒரு நெனப்பாச்சும் இருந்துச்சா?" இதற்குப் பல சமயம் "ஆமா" வரும். தலையாட்டலாக வரும். இல்லை என்று சொன்னாலும் ஒருமுறை மனநல மருத்துவர் பார்க்காமல் டிஸ்சார்ஜ் வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை: உயிருக்கு ஆபத்தென்றால் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனை, அதாவது குடியாத்தம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போகிறேன் என்று மூச்சு மந்தமான ஆளை வாடகைக் காரில் ஏற்றாதீர்கள். நிலைப்படுத்தி அவர்களே அனுப்புவார்கள். உடம்பு சரி, மனசுதான் என்றால் அடுக்கம்பாறையின் மனநலப் பிரிவு, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம். பாகாயத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்கிப் பார்த்துக்கொள்வது பல பத்தாண்டுப் பழக்கம். அதற்குத் தயாராகத் துணிமணி, மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்துப் போங்கள்.


ஆற்காட்டு ஆலோசகர்

தொலைபேசி எண்கள், பெரிய எழுத்தில்: 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 24 மணி நேரமும். போதைச் சிகிச்சைக்கு 14446. சென்னை ஸ்நேகா, 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் இருப்பவர்கள், 044-24640050. உயிர் ஆபத்துக்கு 108.

தாளின் பின்பக்கத்தைக் காலியாக விடுங்கள். அதில் அவரே தன் கையெழுத்தில் எழுத வேண்டியவை: எண்ணம் வரப்போகிறது என்று எதை வைத்துத் தெரியும் (ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு, வட்டிக்காரர் போன் செய்த பிறகு, சம்பள நாள்), தனியாக இருக்கும்போது என்ன செய்தால் கொஞ்சம் தணியும், யாரோடு போய் உட்காரலாம், யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம், அவர் எண், மருத்துவர் எண், வீட்டில் எதை யார் பூட்டி வைத்திருக்கிறார். குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. "பேசறதுக்கு யாரு?" என்று கேட்டால் முதலில் மனைவி பெயர் எழுதுவார்கள். சண்டையே அவரோடு என்றால் இரண்டாவது ஒரு பெயர் வேண்டும் என்று வற்புறுத்துங்கள். டீக்கடை நண்பர் ஒருவர் போதும், அவரும் பழக்கத்தில் இல்லாதவராக இருந்தால்.

தேதிகளையும் எழுதச் சொல்லுங்கள். கோர்ட்டு வாய்தா, குழுக் கடன் தவணை, வைகாசி முதல் தேதி. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று வெளியூரிலிருந்து பழைய கூட்டாளிகள் எல்லாரும் வந்து இறங்குவார்கள், சரக்கும் ஓடும். வராவிட்டால் "இன்னாடா ஆச்சி உனக்கு" என்று ஊரே கேட்கும். அன்றைக்கு யார் கூடவே இருப்பது என்று ஏப்ரலிலேயே பேசி வைத்துவிடலாம்.


மருந்தாளுநர் காட்பாடி

திருவிழா என்றதும் ஒரு சின்ன விஷயம். நாலைந்து நாள் மாத்திரையை விட்டுவிட்டுத் திரும்ப வருகிறவர்கள் "விட்ட எடத்துலேர்ந்து" பழைய முழு அளவையே நாக்கடியில் வைப்பார்கள். ஒன்றிரண்டு நாள் தவறினால் பெரும்பாலும் தொடர்ந்துவிடலாம். ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி என்றால் மருத்துவர் மறுபடி குறைந்த அளவிலிருந்து ஏற்றுவார். நடுவில் வெளிச்சரக்கு எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், தவிப்பு தெரியும்வரை காத்திருக்கச் சொல்வார். இந்த வரியைத் தாளில் கீழே, எண்களுக்கு மேலே போடுங்கள். "திட்ட மாட்டாங்க, வந்து சொல்லுங்க" என்று சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது; திட்டுவார்களோ என்றுதான் ஐந்து நாள் பதினைந்தாகிறது.